கச்சான் காற்றும் நெத்திலி வரவும்: குமரிக் கடலில் ஒரு பருவ ஆய்வு

குமரி மாவட்டத்தின் சின்னமுட்டத்துக்கும் குளச்சலுக்கும் இடையே சாலை வழியே ஐம்பது கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் சின்னமுட்டத்து விசைப்படகுகள் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கரையில் கட்டிக் கிடக்க வேண்டும்; குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் துறைகளின் விசைப்படகுகளுக்கோ ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடை. ஒரே மாவட்டத்தில் இரண்டு தடைக்காலங்கள் உள்ளன. இரண்டும் 61 நாள்கள் நீள்பவை. ஜூன் முதல் இரண்டு வாரங்களில் மட்டும் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுவதால் மாவட்டத்தின் எல்லா விசைப்படகுகளும் சேர்ந்தே ஓய்ந்திருக்கும். கிழக்குக் கரைக்கு ஒரு நாள்காட்டி, மேற்குக் கரைக்கு ஒரு நாள்காட்டி என்று நாடு முழுவதற்கும் வகுத்த ஏற்பாடு, இரு கரைகளும் முட்டிக்கொள்ளும் இந்த முனையில் இப்படித் தெரிகிறது. கடல்நீர் இந்தப் பிரிவினையை அறியாது. அது அறிந்தது காற்றை மட்டும். ஆண்டுக்கு இருமுறை திசை மாறும் அந்தக் காற்று குமரிக் கடலின் வெப்பம், உப்பு, உயிர்வளி, உரச்சத்து ஆகிய அனைத்தையும் மாற்றிப்போடும் முறையை, நெத்திலி என்ற ஒரு சிறு மீனின் நடமாட்டத்தைப் பிடித்துக்கொண்டு விளக்குவதே இந்த ஆய்வின் நோக்கம்.

நெத்திலியைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. 1971இல், ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் நிதியுதவியோடும் உணவு மற்றும் வேளாண்மை நிறுவனத்தின் துணையோடும், கொச்சியைத் தளமாகக் கொண்டு மேற்பரப்பு மீன்வள ஆய்வுத் திட்டம் ஒன்று தொடங்கியது. சாளையின் (மத்தி) பெயரால் ‘சார்டினெல்லா’ என்றும் அயிலையின் (கானாங்கெளுத்தி) பெயரால் ‘ராஸ்ட்ரெல்லிகர்’ என்றும் பெயரிடப்பட்ட இரு ஆய்வுக் கப்பல்கள், ஒலியலைக் கருவிகளால் தென்மேற்குக் கரையின் மீன் கூட்டங்களைப் பருவந்தோறும் அளந்து சென்றன. அவை கண்டறிந்தவற்றுள் குமரிக்கு மிக நெருக்கமானது இது: தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கியதும் கேரளக் கரையோரத்து நெத்திலிக் கூட்டங்கள் தெற்கு நோக்கி நகர்கின்றன, ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் கொல்லத்துக்கும் குமரிமுனைக்கும் இடையிலும், முனையைத் தாண்டி மன்னார் வளைகுடாப் பக்கமும் அடர்ந்து திரள்கின்றன, பருவம் தணிந்ததும் மீண்டும் வடக்கே பரவுகின்றன. நம் கரைக்காரர்களுக்கு இதைச் சொல்லக் கப்பல் தேவைப்படவில்லை. குறும்பனைக் கரையில் வலை சிக்கெடுத்துக்கொண்டிருந்த ஒரு பாட்டா என்னிடம் இதை ஒரே வரியில் முடித்துவிட்டார்: “நெத்திலிக்குக் கச்சான் அடிக்கணும் மக்கா.” கச்சான் என்பது தென்மேற்குப் பருவத்தில் மேற்கிலிருந்து வீசும் காற்று. காற்றுக்கும் மீனுக்கும் உள்ள தொடர்பு அவருக்குத் தெரியும். அந்த இரண்டுக்கும் நடுவில் தண்ணீருக்குள் நடப்பதுதான் நம் கேள்வி.

ஆடி மாதத்து விடியலில் அந்தக் கரையில் காலை நனைத்தால் முதலில் உணர்வது குளிர்ச்சி. சித்திரையில் அதே இடத்தில் வெதுவெதுப்பாக இருந்த நீர் இப்போது கணுக்காலைச் சில்லிட வைக்கிறது. அலை கலங்கி, நுரை பழுப்பேறி, நீலம் போய்ப் பச்சை படிந்திருக்கிறது. மழை நீர் கலந்ததால் குளிர்ந்தது என்று பலரும் எண்ணுகிறார்கள். மழைக்கு அதில் பங்கு சிறிது. அந்தக் குளிர் கடலின் அடியிலிருந்து வருகிறது.

காற்று தண்ணீரை விலக்கும் விதம்

ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டி முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றும் காற்றும் கடலைக் கிளறும் காற்றும் ஒன்றே. மேற்குத் தொடர்ச்சி மலை முடிகிற இடம் என்பதால் குமரிமுனையைச் சுற்றித் தென்மேற்குப் பருவக்காற்று தடையின்றி, மிகுந்த வலுவோடு வீசுகிறது. காற்று ஒரு திசையில் அடித்தால் தண்ணீரும் அதே திசையில் போகும் என்றுதான் நினைக்கத் தோன்றும். ஆனால் நார்வே நாட்டு ஆய்வுப் பயணி நான்சென், வடதுருவக் கடலில் பனிப்பாளங்கள் காற்றின் திசைக்கு வலப்புறமாக விலகி மிதப்பதைக் கவனித்தார். அதற்குரிய கணக்கை ஸ்வீடன் நாட்டு அறிவியலாளர் எக்மன் 1905இல் விரிவாக வெளியிட்டார். பூமி சுழல்வதால், வடகோளத்தில் காற்று தள்ளும் மேல்நீரின் மொத்த ஓட்டம் காற்றின் திசைக்கு வலப்புறம் செங்குத்தாக அமைகிறது.

இதை நம் வரைபடத்தில் வைத்துப் பாருங்கள். கேரள எல்லையிலுள்ள நீரோடியிலிருந்து முட்டம் வரை கரை வடமேற்கிலிருந்து தென்கிழக்காகச் சரிந்து கிடக்கிறது. கச்சான் காற்று மேற்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும் அந்தக் கரையை உரசிக்கொண்டு வருகிறது. அதன் வலப்புறம் ஆழ்கடல். முனைக்குத் தெற்கே காற்று நேர் கிழக்காக அடிக்கும்போது அதன் வலப்புறம் தெற்கு; அதுவும் ஆழ்கடல்தான். ஆக இரண்டு முகத்திலும் மேல்நீர் கரையை விட்டு விலகுகிறது. அந்த வெற்றிடத்தை நிரப்ப அடிநீர் ஏறி வருகிறது. பூமியின் சுழற்சி விளைவு நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்கக் குறைவதால், ஒரே வலுவுள்ள காற்று குறைந்த அகலாங்கில் கூடுதல் நீரை நகர்த்தும். எட்டு டிகிரி அகலாங்கில் இருக்கும் குமரிமுனைக்கு இந்தக் கணக்கு மிகவும் சாதகம். ஏப்ரல், மே மாதங்களில் 29, 30 டிகிரி செல்சியஸ் இருக்கும் மேற்பரப்பு வெப்பம் ஆடி மாதத்தில் முனைக்கருகே 26 டிகிரிக்கும் கீழே இறங்குவதைச் செயற்கைக்கோள் படங்களில் ஒரு குளிர்ந்த நாக்கு போலவே காணலாம்.

உள்ளூர்க் காற்று மட்டும் இதற்குக் காரணமில்லை. வங்கக் கடலில் எழும் மிக நீண்ட கடலோர அலைகள் இலங்கையைச் சுற்றிக்கொண்டு நம் மேற்குக் கரையைத் தொட்டு வடக்கே செல்கின்றன. கண்ணுக்குத் தெரியாத அந்த அலைகள் வெதுநீருக்கும் குளிர்நீருக்கும் இடையிலுள்ள எல்லையைப் பருவம் தொடங்குவதற்கு முன்னரே உயர்த்திவிடுகின்றன. கச்சான் வந்து சேரும்போது பாதி வேலை முடிந்திருக்கும்.

உரமும் மூச்சுத்திணறலும்

இனி வருவதே இந்த ஆய்வின் மையம். அடிநீர் ஏறுவதால் உரம் கிடைக்கிறது, உரத்தால் மீன் பெருகுகிறது என்று பாடநூல்கள் சொல்லும் பாதி உண்மையோடு பலரும் நின்றுவிடுகிறார்கள். அடிநீரில் உரம் சேர்ந்தது எப்படி என்று ஒருபடி உள்ளே போய்க் கேட்டால்தான் நெத்திலியின் ஓட்டம் விளங்கும்.

வெளிச்சம் படும் மேல்நீரில் நுண்பாசிகள் வாழ்ந்து, தின்னப்பட்டு, செத்து, கழிவாகவும் சடலமாகவும் கீழே விழுந்துகொண்டே இருக்கின்றன. இருட்டான ஆழத்தில் பாக்டீரியாக்கள் அவற்றை மட்கச் செய்கின்றன. அப்போது நடக்கும் வரவு செலவை அமெரிக்க அறிவியலாளர் ரெட்ஃபீல்ட் தொடங்கிவைத்த ஆய்வுகள் எண்களாக நிறுவின. கடல் நுண்ணுயிர்களின் உடலில் சராசரியாக 106 கார்பன் அணுக்களுக்கு 16 நைட்ரஜனும் 1 பாஸ்பரசும் இருக்கின்றன. அந்த உடல் மட்கும்போது 16 நைட்ரேட்டும் 1 பாஸ்பேட்டும் நீரில் சேர்வதற்கு ஏறத்தாழ 138 ஆக்சிஜன் மூலக்கூறுகள் செலவாகின்றன. 106 கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறுகள் கூடவே கரைகின்றன. எனவே ஒரு குவளை அடிநீரில் எவ்வளவு உரம் இருக்கிறதோ, அந்த அளவுக்கு அதில் மூச்சுவிடும் காற்று குறைந்திருக்கும், அமிலத்தன்மையும் ஏறியிருக்கும். உரத்தை மட்டும் தனியே எடுத்துக்கொள்ளக் கடலில் வழியில்லை. வளத்தையும் மூச்சுத்திணறலையும் ஒரே நீர்தான் சுமந்து வருகிறது.

அரபிக்கடலில் இந்தக் கணக்கு பல கடல்களைவிடக் கடுமையானது. அங்கே ஏறக்குறைய 150 மீட்டர் ஆழத்திலிருந்து 1,000 மீட்டர் வரை ஆக்சிஜன் மிகக் குறைந்த அடுக்கு ஒன்று நிலையாகவே இருக்கிறது. அடிநீர் கரையேறும்போது இந்த அடுக்குக்கு மேலுள்ள, ஏற்கெனவே ஆக்சிஜன் குன்றிய நீரே கண்டத்திட்டின் (கரையை ஒட்டிய ஆழம் குறைந்த கடலடிப் பரப்பு) மேல் படர்கிறது. அதன் மேல் பாசி பெருகி, மடிந்து, மட்கும்போது மீதமுள்ள ஆக்சிஜனும் குறைகிறது. கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனத்தைச் சேர்ந்த நக்வியும் அவருடன் பணியாற்றியவர்களும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, இந்திய மேற்குக் கரைத்திட்டில் பருவந்தோறும் இவ்வாறு ஆக்சிஜன் குன்றும் பரப்பு சுமார் 1,80,000 சதுர கிலோமீட்டர் என்று மதிப்பிட்டது. தமிழ்நாட்டின் பரப்பே 1,30,000 சதுர கிலோமீட்டர்தான் என்பதை நினைத்தால் அதன் பெருக்கம் புரியும். இதன் உச்சம் குமரியில் இல்லை. கோவா, கார்வார் பக்கம் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில்தான் நிலைமை மிக மோசமாகும். தெற்கே நீர் புதிதாக ஏறிவருவதாலும் காற்று விடாமல் கலக்கிக்கொண்டே இருப்பதாலும் இவ்வளவு கடுமை இல்லை.

இந்த வேறுபாடே நெத்திலியைத் தெற்கே இழுக்கிறது என்பது என் கருத்து. ஒரு லிட்டர் நீரில் 2 மில்லிகிராமுக்கும் குறைவான ஆக்சிஜன் இருந்தால் பெரும்பாலான மீன்களால் அங்கே தங்க முடியாது. கேரளக் கரைத்திட்டில் அத்தகைய நீர் அடியிலிருந்து உயர உயர, மேற்பரப்பு மீன்களுக்கு மிஞ்சுவது மேலேயுள்ள மெல்லிய படலமே. கட்டிலுக்கு அடியில் வெள்ளம் ஏறினால் வீட்டார் கட்டில்மேல் நெருங்கி உட்காருவதைப் போல அவை மேலேயும் கரையோரமாகவும் நெருக்கப்படுகின்றன. சாளையும் அயிலையும் அந்தப் படலத்துக்குள் சமாளிக்கின்றன. நெத்திலி இடத்தைவிட்டே பெயர்கிறது. அது போய்ச் சேரும் இடமோ வெறும் புகலிடமாக இல்லை. தெற்கு நோக்கி ஓடும் கரையோர நீரோட்டம் கேரளக் கரையில் விளைந்த நுண்ணுயிர் உணவையும் சுமந்துகொண்டு முனையைச் சுற்றுகிறது. முனைக்குத் தெற்கே கண்டத்திட்டு அகன்று விரிந்து, 1976ஆம் ஆண்டு இந்திய இலங்கை உடன்பாட்டின் வழியே இந்தியாவின் இறையுரிமைக்கு உட்பட்ட வெட்ஜ் பேங்க் என்ற வளமான மீன்பிடித் திட்டாக அமைகிறது. அங்கேயும் வளைகுடா வாயிலிலும் காற்று நீரைக் கலக்கி மூச்சுக்கு வேண்டியதைச் சேர்க்கிறது. உணவும் காற்றும் சேர்ந்து கிடைக்கும் இடத்தைத் தேடி ஒரு விரல் நீள மீன் இத்தனை தொலைவு வருகிறது. ஆடி மாதத்தில் கோவளம், பள்ளம், இராஜாக்கமங்கலம் துறைக் கரைகளில் நெத்திலி வந்திறங்கும் நாளில், பனையோலைப் பெட்டியில் வெள்ளிக் கோடு மின்ன அது குவிந்து கிடப்பதைப் பார்க்கும்போதெல்லாம், அந்தக் குவியல் எத்தனை நூறு கிலோமீட்டர் மூச்சுத்திணறலுக்குத் தப்பி வந்தது என்ற எண்ணம் எனக்கு வராமல் இருப்பதில்லை.

அடிநீரின் உரம் அளவுக்கு மீறிப் பாசியாக மாறினால் என்ன ஆகும் என்பதற்கும் நம் எல்லையருகே சான்று உண்டு. 2004 செப்டம்பர் நடுவில் கொல்லத்துக்கும் விழிஞ்ஞத்துக்கும் இடைப்பட்ட கரையில் மீன்கள் செத்து ஒதுங்கின. காற்றில் பரவிய துர்நாற்றத்தால் குழந்தைகள் உட்பட மக்கள் குமட்டலுக்கு ஆளாகி மருத்துவமனைக்குச் சென்றனர். நுண்பாசிப் பெருக்கமே அதற்குக் காரணம் என்று பின்னர் கடலியலாளர்கள் விளக்கினர். விழிஞ்ஞத்திலிருந்து நீரோடி வெகுதொலைவு இல்லை.

சிப்பிப் பாறைகளில் அமிலக் கணக்கு

மீன் நீந்தி விலகும். பாறையை விட்டு நகர முடியாத உயிர் என்ன செய்யும்? கடியப்பட்டணம், குளச்சல், இனயம் கரைகளின் பாறைகளில் பழுப்பு நிறச் சிப்பி அடர்ந்து வளர்கிறது. இந்தியாவில் இந்த இனம் பெருவாரியாக இருப்பது கேரளத் தென்கோடியிலிருந்து குமரி வரையுள்ள குறுகிய கரையில்தான். கடலின் சராசரி அமில-கார அளவு இன்று 8.1ஐ ஒட்டி இருக்கிறது. ஏறிவரும் அடிநீரில் கார்பன் டை ஆக்சைடு மிகுந்திருப்பதால் அந்த அளவு குறைகிறது, அதாவது அமிலம் ஏறுகிறது. ஓடு கட்டத் தேவையான கார்பனேட் அயனிகளும் அதனோடு குறைகின்றன. சுண்ணாம்பு ஓட்டை நம்பி வாழும் உயிருக்கு இது கெட்ட காலம். ஆனால் இந்தச் சிப்பி முட்டையிடுவது இதே கச்சான் காலத்தில்தான். முரண்பாடு போலத் தோன்றினாலும் இதில் ஒரு கணக்கு தெரிகிறது. முட்டையிலிருந்து வரும் நுண்குஞ்சுகளுக்கு வேண்டிய பாசி உணவு அப்போதுதான் மிகுதி; அவை மிதந்து வளர்ந்து பாறையைப் பற்றி ஓடு தடித்துக்கொள்ள வேண்டிய புரட்டாசி, ஐப்பசி வருவதற்குள் அடிநீர் இறங்கத் தொடங்கிவிடும். உணவு மிகுந்த காலத்தில் பிறந்து, அமிலம் தணியும் காலத்தில் ஓடு கட்டும் இந்த ஒழுங்கு, சில வாரங்கள் தவறினாலும் கெட்டுப்போகக் கூடியது. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு கூடியதால் தொழிற்புரட்சிக்குப் பின் உலகக் கடல் மேற்பரப்பின் அமில-கார அளவு சுமார் 0.1 குறைந்திருக்கிறது. இயல்பிலேயே ஆண்டுதோறும் அமிலம் ஏறும் ஒரு கரையில், இந்தச் சிறு எண் மற்ற இடங்களைவிடக் கூடுதலாக உறைக்கும் என்றே அஞ்சுகிறேன்.

கொண்டல் காலம்

ஐப்பசியில் காற்று திரும்புகிறது. கிழக்கிலிருந்து கொண்டலும் வடக்கிலிருந்து வாடையும் வீசத் தொடங்க, நீரோட்டங்களும் முகம் மாற்றிக்கொள்கின்றன. கச்சான் காலத்தில் அரபிக்கடலின் உப்பு மிகுந்த நீர் குமரிக்குத் தெற்கே கிழக்காக ஓடி இலங்கையைக் கடந்து வங்கக் கடலுக்குள் புகுந்தது. இப்போது வங்கக் கடலின் நீர் மேற்காக வருகிறது. அந்த நீர் இலேசானது. கங்கை, பிரம்மபுத்திரா, மகாநதி, கோதாவரி, கிருஷ்ணா என்று பேராறுகள் தென்மேற்குப் பருவத்தில் கொட்டிய வெள்ளம், சில மாதங்கள் கழித்து இந்தியக் கிழக்குக் கரையோரமாக இறங்கி, இலங்கையைச் சுற்றி, குமரியைக் கடந்து கேரளக் கரையில் வடக்கே ஏறுகிறது. ஒரு கிலோ நீரில் 35 கிராமை ஒட்டியிருந்த உப்பு இதனால் 34 கிராமுக்கும் கீழே இறங்குகிறது. மேல்நீர் கரைப்பக்கம் குவிவதால் குளிர்நீர் எல்லை ஆழத்துக்குப் போய்விடுகிறது. நீர் தெளிகிறது, பாசி குறைகிறது, பாறைகளில் மூழ்கிச் சிப்பி எடுப்பவர்களுக்கு அடி தெரிகிறது.

இந்த இலேசான நீர்ப் படலம் குமரிக் கடலோடு நின்றுவிடும் செய்தியாக இல்லை. உப்பு குறைந்த நீர் மேலே மிதந்து, கீழுள்ள நீரோடு கலக்காமல் வெயிலை வாங்கிக்கொள்வதால், தென்கிழக்கு அரபிக்கடல் ஏப்ரல், மே மாதங்களில் 30 டிகிரியைத் தாண்டிச் சூடேறுகிறது. அந்தச் சூடு அடுத்த தென்மேற்குப் பருவத்தின் தொடக்கத்துக்குத் துணைசெய்வதாகக் கடலியலாளர்கள் கருதுகின்றனர். கங்கையில் விழுந்த மழை குமரியைச் சுற்றிப் போய் மறு ஆண்டின் கச்சானுக்கு அடுப்பு மூட்டுகிறது என்று சொன்னால் அது வெறும் உவமை ஆகாது.

கரையோரமாகவும் ஒரு சிறு வேதியியல் நடக்கிறது. கோடையில் மணல் மேடிட்டு அடைபட்டிருக்கும் மணக்குடிப் பொழி (ஆற்று முகத்துவாரம்), பழையாற்றில் வெள்ளம் பெருகும்போது உடைந்து கடலோடு கலக்கிறது. நாஞ்சில் நாட்டு வயல்களின் வண்டலும் சிலிக்கேட்டும் அதன் வழியே கடலுக்குப் போகின்றன. கடலிலிருந்து இறால் குஞ்சுகள் உள்ளே வருகின்றன. டயாட்டம் என்ற நுண்பாசி தன் கண்ணாடிக் கூட்டைக் கட்டச் சிலிக்கா வேண்டும் என்பதால் ஆற்றின் இந்தப் பங்கு சிறிதென்று தள்ளத் தக்கதல்ல.

கொண்டல் காலம் அமைதியானது என்ற நம்பிக்கையை 2017 நவம்பர் 30 உடைத்தது. ஒக்கி புயல் முனைக்குத் தெற்கே கடந்த அந்த நாளில் தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை ஊர்களின் ஆழ்கடல் மீனவர்கள் பலர் கடலில் இருந்தனர்; திரும்பாதவர்களின் படங்கள் இன்றும் அந்த வீடுகளின் முன்சுவரில் இருக்கின்றன. புயல் கடலை உழுது அடிநீரை மேலே கொண்டுவரும் என்பது அறிவியல். அந்த ஊர்களில் நின்று அதைப் பேசுவது எளிதல்ல.

சாளை காட்டும் எச்சரிக்கை

நெத்திலியின் கணக்கு இன்னும் ஓரளவு ஒழுங்காக இருக்கிறது. சாளையின் கணக்கு அப்படி இல்லை. சாளை கச்சான் தொடங்கும் காலத்தில் முட்டையிட்டு, அப்போது பெருகும் டயாட்டங்களை நம்பிக் குஞ்சு வளர்க்கிறது. சாளை வரவுக்கும் நுண்பாசிக்கும் உள்ள உறவைச் சென்னை மாகாண மீன்வளத் துறையின் ஜேம்ஸ் ஹார்னெல் 1920களிலேயே ஆராய்ந்திருந்தார். மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மதிப்பீட்டில் கேரளத்தின் சாளை வரவு 2012இல் ஏறக்குறைய 4 லட்சம் டன். 2021இல் அது சுமார் 3,300 டன்னாகச் சுருங்கியது. நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. இடையில் 2015இல் வந்த எல் நினோவும் (பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் நிகழ்வு) கடல் வெப்பமும், குஞ்சுகளை வாரும் மீன்பிடிப்பும் காரணங்களாகச் சொல்லப்பட்டன. பின்னர் வரவு மீண்டாலும் ஒரே சீராக இல்லை. அந்தச் சாளைக் கூட்டம் மாநில எல்லை பார்ப்பதில்லை. கேரளத்தில் குறைந்தபோது குளச்சல் ஏலக்கூடத்திலும் சாளைப் பெட்டிகள் அருகின.

புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் ராக்ஸி மேத்யூ கோல் குழுவினர் 2016இல், மேற்கு இந்தியப் பெருங்கடலில் அறுபது ஆண்டுகளில் நுண்பாசி 20 விழுக்காடு வரை குறைந்திருக்கலாம் என்று கணித்தனர். மேல்நீர் சூடாகச் சூடாக அது இலேசாகி, அடிநீர் மேலேற இடம் கொடுக்க மறுப்பதே அவர்கள் சொன்ன காரணம். திறந்த கடலுக்குப் பொருந்தும் அது நம் கரையோரத்துக்கு அப்படியே பொருந்த வேண்டியதில்லை; இங்கே காற்று இன்னும் வலுவாக அடிக்கிறது. ஆனால் வெதுநீர் தடித்தால் அதே காற்று கொண்டுவரும் உரம் குறையும் என்பதில் ஐயமில்லை.

இந்நிலையில் தடைக்கால நாள்காட்டியை இந்த மாவட்டத்துக்கென்று தனியே மறுபடி பார்ப்பது நியாயமாகப் படுகிறது. ஜூன் 15 அன்று சின்னமுட்டத்து விசைப்படகுகள் கடலுக்குச் செல்லும்போது, அடிநீருக்குத் தப்பிய உயிர்கள் முனையைச் சுற்றித் திரளத் தொடங்கும் காலமும் அதுவே. நெருக்குண்டு கிடக்கும் உயிர் எளிதில் அகப்படும். குளச்சலிலும் சின்னமுட்டத்திலும் நாள்தோறும் ஒரே நேரத்தில் நீரின் வெப்பத்தையும் ஆக்சிஜனையும் அளந்து, அன்றைய மீன்வரவோடு சேர்த்து எழுதி வைத்தால், சில ஆண்டுகளில் இரு துறைகளுக்கும் பொருந்தும் நாள்களை நீரே சொல்லிவிடும். அதற்கு வேண்டியது ஒரு அளவுகருவியும், பாட்டாக்கள் சொல்வதைக் குறித்துக்கொள்ளும் பொறுமையும்.

ஆவணி முடிவில் மீண்டும் குறும்பனைக்குச் சென்றபோது காற்றின் வேகம் குறைந்திருந்தது. கரையில் விரித்த வலைமேல் கடைசி நெத்திலி காய்ந்துகொண்டிருந்தது. புதிதாக வந்திறங்குவது நாளுக்கு நாள் குறைந்து வருவதாகக் கருவாடு புரட்டிக்கொண்டிருந்த பெண்கள் சொன்னார்கள். கூட்டம் வடக்கே திரும்பிக்கொண்டிருந்தது. அங்கிருந்து கடியப்பட்டணம் போய், அலை வற்றிய நேரத்தில் பாறை ஒன்றைக் குனிந்து பார்த்தேன். பாசிக்கு நடுவே, எள்ளளவில், பழுப்பாக, புதிய சிப்பிக் குஞ்சுகள் ஒட்டியிருந்தன. விரல் வைத்தபோது நீர் ஆடியில் இருந்ததைவிடச் சற்று வெதுவெதுப்பாக இருந்தது.